கொடுத்த எழுத்துகளைக் கொண்ட ஆங்கிலச் சொற்களைக் கண்டுபிடிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

எல், ஐ, எஸ், டீ, இ, என் என்னும் ஆறு ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஆறையும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எத்தனை சொற்களை அமைக்கலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் முதலில் ‘லிசன்’ என்பார்கள், சற்று நேரம் கழித்து ‘சைலன்ட்’ என்பார்கள், அதோடு நின்றுவிடுவார்கள். படையில் சேர்வதைக் குறிக்கும் ‘என்லிஸ்ட்’, அலங்காரத்துக்கு உதவும் ஜிகினா இழையான ‘டின்சல்’, நீர் உட்புகும் வாய்களைக் குறிக்கும் ‘இன்லெட்ஸ்’ ஆகிய மூன்றும் அதே ஆறு எழுத்துகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. இவை யாருக்கும் தெரியாத சொற்கள் அல்ல. ஆங்கிலச் செய்தித்தாள் படிப்பவர் அனைவரும் எங்கேனும் கண்டிருக்கக் கூடியவையே. தெரிந்த சொல் நினைவுக்கு வராமல் போவதற்குக் காரணம் சொல்வளக் குறைவு அன்று. தேடும் முறையே காரணம்.

நாம் காதால் தேடுகிறோம். தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றையொன்று விடாமல் செல்வதால், ஒரு சொல்லை ஒலித்துப் பார்த்தாலே அதன் எழுத்துகள் கிடைத்துவிடும் என்ற பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பழக்கம் தடையாகிறது. ‘லிசன்’ என்று சொல்லும்போது அதிலுள்ள டீ என்ற எழுத்து காதில் விழுவதே இல்லை. ஆகவே அந்த டீயை இறுதிக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் எழுவதில்லை. இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் ஒவ்வொரு படியும், தேடலைக் காதிலிருந்து கண்ணுக்கு மாற்றுவதற்கான பயிற்சியாகவே அமைந்திருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு குறியீட்டு விளக்கம் தேவை. ஆங்கில வரிசையின் நான்காம் எழுத்தை ‘டி’ என்றும், இருபதாம் எழுத்தை ‘டீ’ என்றும் எழுதுகிறேன். ‘பி’ என்று வருவது பதினாறாம் எழுத்து. இரண்டாம் எழுத்து வரும் இடத்தில் அதைத் தனியே குறிப்பிடுவேன். வாசிப்பவர் ஒரு தாளையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிப் பார்த்தபடியே படிப்பது நல்லது.

முதல் படி: கேள்வி எந்த வகை என்று முடிவு செய்தல்

“இந்த எழுத்துகள் உள்ள சொற்கள்” என்ற தொடருக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஏ, ஆர், டீ என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் முழுமையாகவும் ஒருமுறை மட்டுமேயும் பயன்படுத்த வேண்டும் என்றால் ஆர்ட், ராட், டார் என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே விடைகள் கிடைக்கும். இதை அனகிராம் வகை என்று சொல்லலாம். கையிலுள்ள எழுத்துகளுக்குள் சிலவற்றை விட்டுவிடவும் அனுமதி உண்டு என்றால் ‘அட்’ போன்ற இரண்டெழுத்துச் சொற்களும் சேரும். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில், ஆட்டக்காரர் தம் ஏழு கட்டைகளை வைத்துக்கொண்டு தேடுவது இந்த இரண்டாம் வகையில்தான். மூன்றாம் வகையில், கொடுத்த எழுத்துகள் சொல்லுக்குள் எங்கேனும் இருந்தால் போதும், பிற எழுத்துகளும் வரலாம். அப்போது வாட்டர், ஹார்ட், தியேட்டர் என்று விடைகள் ஆயிரக்கணக்கில் பெருகும். நான்காம் வகையில் அந்த மூன்றும் அதே வரிசையில் அடுத்தடுத்து நிற்க வேண்டும்: பார்ட்டி, ஸ்டார்ட், ஆர்ட்டிக்கிள், குவார்ட்ஸ். குறுக்கெழுத்துப் புதிரும், ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் ‘வேர்டில்’ என்ற இணையப் புதிரும் இந்த நான்காம் வகையின் உறவினர்கள். அவற்றில் எழுத்துடன் அதன் இடத்தைப் பற்றிய குறிப்பும் சேர்ந்தே கிடைக்கிறது.

இதனுடன் இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஓர் எழுத்தை ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தலாமா? ஸ்கிராபிளில் ஒரு கட்டைக்கு ஒரு முறைதான். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ‘ஸ்பெல்லிங் பீ’ புதிரிலோ, ஏழு எழுத்துகளில் எதையும் எத்தனை முறையும் பயன்படுத்தலாம். ஆனால் நடுவிலுள்ள எழுத்து கட்டாயம் வர வேண்டும், சொல் நான்கு எழுத்துக்குக் குறையக் கூடாது. இந்த விதியைக் கவனிக்காமல் தேடத் தொடங்கியவர் கிடைக்க வேண்டிய விடைகளில் பாதியைத் தாமே கைவிடுகிறார்.

நான்காம் வகையைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘செபரேட்’ என்ற சொல்லில் பி என்ற எழுத்தை அடுத்து ஏ வருமா, இ வருமா என்ற குழப்பம் மாணவர்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது. அந்தச் சொல்லின் நடுவே ஏ-ஆர்-ஏ-டீ என்ற தொடர் நிற்கிறது. அதாவது உள்ளே ஓர் எலி, ‘ஏ ராட்’, இருக்கிறது. அதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர் பிறகு அந்தச் சொல்லைத் தவறாக எழுதுவது அரிது. எழுத்துகளைத் தேடும் இந்தப் பழக்கம் விளையாட்டோடு நின்றுவிடாமல் எழுத்துப்பிழையையும் திருத்துகிறது என்பதனால்தான் இதை ஆசிரியர்கள் வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

இரண்டாம் படி: எண்ணி, அகர வரிசையில் அடுக்குதல்

கேள்வி தெளிவானதும் எழுத்துகளை எண்ண வேண்டும். எத்தனை உயிர், எத்தனை மெய், எந்த எழுத்து இரட்டித்து வருகிறது என்பதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். தமிழின் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன ‘கேட்டமரான்’ என்ற சொல் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. ஒன்பது எழுத்துள்ள அச்சொல்லில் ஏ மட்டும் நான்கு முறை வருகிறது. மீதமுள்ள சி, டீ, எம், ஆர், என் ஆகியவை ஒவ்வொரு முறை. “ஏ, சி, எம், என், ஆர், டீ உள்ள சொல்” என்று சொல்வதற்கும் “நான்கு ஏ உள்ள சொல்” என்று சொல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு; இரண்டாவது குறிப்பே விடையை உடனடியாகக் காட்டிக்கொடுக்கிறது.

அடுத்து, எழுத்துகளை ஆங்கில அகர வரிசைப்படி அடுக்கி எழுத வேண்டும். ‘லிசன்’ என்பதன் எழுத்துகள் இ-ஐ-எல்-என்-எஸ்-டீ என்றாகும். ‘சைலன்ட்’, ‘என்லிஸ்ட்’, ‘டின்சல்’, ‘இன்லெட்ஸ்’ ஆகிய எதை அடுக்கினாலும் இதே வரிசைதான் கிடைக்கும். ஸ்கிராபிள் ஆட்டக்காரர்கள் இந்த அடுக்கை ஆல்ஃபாகிராம் என்கிறார்கள். இரண்டு சொற்களின் அடுக்கு ஒன்றாக இருந்தால் ஒன்றின் எழுத்துகளை மாற்றி மற்றொன்றை அமைக்கலாம். வேறாக இருந்தால் முடியாது. இந்த எளிய உண்மை கையால் தேடுபவருக்கும் கணினிக்கும் ஒருசேர அடித்தளமாக நிற்பதைப் பின்னர் காண்போம்.

அடுக்கிய வரிசையைப் பார்த்த பிறகு, அதே எழுத்துகளை ஒரு வட்டமாகவும் எழுதிப் பாருங்கள். நேர்வரிசையில் எழுதப்பட்ட எழுத்துகளை மனம் இடமிருந்து வலமாகவே ஒலித்துப் பார்க்க முயல்கிறது. வட்டத்தில் தொடக்கமும் முடிவும் இல்லாததால் அந்த ஒலி கலைந்து, எழுத்துகள் தனித்தனியே தெரியத் தொடங்குகின்றன.

எல்லா வரிசைகளையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். வெவ்வேறான ஆறு எழுத்துகளை 720 விதமாகவும், ஏழு எழுத்துகளை 5,040 விதமாகவும் அடுக்க முடியும். அது மனிதர் செய்யத்தக்க வேலை அன்று. எழுத்துகளின் இயல்பைப் பயன்படுத்தி அந்த எண்ணிக்கையைச் சுருக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஒட்டுகளைப் பிரித்து வைத்தல்

கையால் தேடுபவருக்கு மிகுந்த பலன் தருவது இந்தப் படிதான். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம். ஆங்கிலத்தில் நீளமான சொற்கள் பலவும் ஒரு வேரும் அதனோடு சேர்ந்த முன்னொட்டோ பின்னொட்டோ கொண்டவை. பின்னொட்டுகளில் ஐ-என்-ஜி, இ-டி, இ-ஆர், இ-எஸ்-டீ, எல்-ஒய், டீ-ஐ-ஓ-என், எம்-இ-என்-டீ, என்-இ-எஸ்-எஸ் ஆகியவையும், தனியாக நிற்கும் எஸ் என்ற எழுத்தும் முதன்மையானவை. முன்னொட்டுகளில் ஆர்-இ, யூ-என், டி-இ, ஐ-என், ஓ-யூ-டீ ஆகியவற்றை மனத்தில் வைத்தால் பெரும்பாலும் போதும். கையிலுள்ள எழுத்துகளில் இவற்றுள் ஒன்று இருந்தால் அதைத் தனியே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மீதியுள்ள நான்கைந்து எழுத்துகளை மட்டும் பார்க்க வேண்டும்.

ஏ, இ, ஜி, ஐ, என், எஸ், டீ என்ற ஏழு எழுத்துகள் கிடைத்திருப்பதாகக் கொள்வோம். ஐ-என்-ஜி என்ற ஒட்டை எடுத்தால் ஏ, இ, எஸ், டீ ஆகிய நான்குதான் மீதி. இந்த நான்கில் ‘சீட்’, ‘ஈஸ்ட்’, ‘ஈட்ஸ்’, ‘டீஸ்’ ஆகியவை உடனே தெரிகின்றன. ஒட்டைத் திரும்பச் சேர்த்தால் இருக்கை வசதியைக் குறிக்கும் ‘சீட்டிங்’ கிடைக்கிறது. கேலி செய்வதைக் குறிக்கும் ‘டீசிங்’ கிடைக்கிறது. வரைபடத்தில் கிழக்கு நோக்கிய தொலைவைக் குறிக்கும் ‘ஈஸ்டிங்’ கிடைக்கிறது. 5,040 வரிசைகள் என்று தோன்றிய வேலை, நான்கு எழுத்துகளின் 24 வரிசைகளாகச் சுருங்கிவிட்டது.

இப்போது ஜி என்பதற்குப் பதில் ஆர் வந்தால் என்னவாகும் என்று பாருங்கள். ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டீ என்ற இந்த ஏழு, ஸ்கிராபிள் ஆட்டக்காரர்கள் மிகவும் விரும்பும் கூட்டணி. ஆர்-இ என்ற முன்னொட்டை எடுத்துவைத்தால், தக்கவைத்துக்கொள்வதைக் குறிக்கும் ‘ரீட்டெயின்ஸ்’ வெளிப்படுகிறது. இ-ஆர் என்று பின்னொட்டாக எடுத்தால், மீதியில் கறை என்னும் பொருளுள்ள ‘ஸ்டெயின்’ தெரிந்து, சாயம் ஏற்றுபவரைக் குறிக்கும் ‘ஸ்டெயினர்’ அமைகிறது. எஸ் மட்டும் எடுத்தால், விழித்திரைகளைக் குறிக்கும் ‘ரெட்டினாஸ்’. ஒய் என்ற எழுத்தில் முடியும் பெயரடைகள் ஒப்பீட்டு வடிவில் ஐ-இ-ஆர் என்று மாறுவதை நினைவுகொண்டு அந்த மூன்றையும் எடுத்தால், ‘நாஸ்டி’ என்பதன் ஒப்பீட்டு வடிவமான ‘நாஸ்டியர்’ கிடைக்கிறது. ஒரே ஏழு எழுத்துகள்; எந்த ஒட்டை முதலில் ஓரம் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து வெவ்வேறு சொற்கள் எழுந்து வருகின்றன. ஆகவே ஓர் ஒட்டை எடுத்து ஒரு சொல்லைக் கண்டதும் மகிழ்ந்து நின்றுவிடாமல், அந்த ஒட்டைத் திரும்ப வைத்துவிட்டு அடுத்த ஒட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கே தேடலின் உயிர்.

ஒட்டுகளால் எல்லாம் கிடைத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அதே ஏழு எழுத்துகளில், பைன் மரப் பிசினின் மணமுள்ள கிரேக்க ஒயினான ‘ரெட்சினா’வும், கொழுப்பிலிருந்து பெறப்படும் ‘ஸ்டியரின்’ என்ற பொருளும் இருக்கின்றன. இவற்றைப் பிரித்தெடுக்க எந்த ஒட்டும் உதவாது. இத்தகைய சொற்களை முன்பே அறிந்திருக்க வேண்டும். அறியும்போது அடுக்கு வரிசையோடு சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும்.

நான்காம் படி: எழுத்துகளின் நட்பைப் பயன்படுத்துதல்

ஆங்கில எழுத்துகள் தமக்குள் சில நட்புகளை வைத்திருக்கின்றன. ஹெச் என்ற எழுத்து கையில் இருந்தால் சி, எஸ், டீ, பி, டபிள்யூ, ஜி ஆகியவற்றில் எது பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஏனெனில் அது தனித்து நிற்பதைவிடத் துணையோடு நிற்பதே அதிகம். சி-கே, என்-ஜி, எஸ்-டீ-ஆர், ஐ-ஜி-ஹெச்-டீ போன்ற கூட்டங்களையும் ஒரே கட்டையாகவே பாவித்து நகர்த்த வேண்டும். ஜே, வி ஆகிய இரண்டும் ஆங்கிலச் சொல்லின் இறுதியில் வருவது மிக அரிது. அவற்றை முன்பாதியிலோ நடுவிலோ வைத்துப் பார்ப்பதே பயன் தரும்.

உயிரெழுத்தே இல்லாத தொகுதி கிடைத்தால் ஒய் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ரிதம்’, ‘மித்’ ஆகிய சொற்களில் ஏ, இ, ஐ, ஓ, யூ என்ற ஐந்தில் ஒன்றுகூட இல்லை. ஒய் என்ற எழுத்தே அந்த வேலையைச் செய்கிறது. காதுக்கு இகரம் கேட்பதால் நாம் ஐ என்ற எழுத்தைத் தேடிக்கொண்டே இருப்போம். இங்கும் தடையாக நிற்பது செவிதான்.

க்யூ இருந்தால் யூவைத் தேட வேண்டும் என்பது எல்லோரும் அறிந்த விதி. அதற்கு விலக்குகளும் உண்டு. அவை பெரும்பாலும் பிற மொழிகளிலிருந்து வந்தவை. சீன மொழியிலிருந்து வந்த ‘சீ’ என்பது க்யூ, ஐ என்ற இரண்டே எழுத்துகளால் ஆனது. நமக்கு நன்கு பழகிய ஃபக்கீர், நிகாப் ஆகிய சொற்களும் ஆங்கிலத்தில் யூ இல்லாத க்யூவோடு எழுதப்படுவதுண்டு.

ஐந்தாம் படி: அரிய எழுத்திலிருந்து தொடங்குதல்

கேள்வி மூன்றாம் வகையாக இருந்தால், அதாவது கொடுத்த எழுத்துகள் சொல்லில் எங்கேனும் இருந்தால் போதும் என்றால், அவற்றுள் எது ஆங்கிலத்தில் மிக அரிதாக வருகிறதோ அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். எந்த எழுத்து அரிது என்பதை அறிய ஸ்கிராபிள் கட்டைகளே நல்ல அட்டவணை. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதற்கேற்பக் கட்டைகளின் எண்ணிக்கையை வகுத்தார். ஆங்கிலத்துக்கான 100 கட்டைகளில் இ என்பதற்கு 12 கட்டைகள். ஏ, ஐ ஆகியவற்றுக்கு ஒன்பது ஒன்பது. ஓ என்பதற்கு எட்டு. என், ஆர், டீ ஆகியவற்றுக்கு ஆறு ஆறு. ஜே, கே, க்யூ, எக்ஸ், இசட் ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு கட்டைதான். எஸ் மட்டும் இதில் விதிவிலக்கு: ஆங்கிலத்தில் அது மிக அதிகமாக வரும் எழுத்தாக இருந்தும், பன்மையாக்கி எளிதாக ஆடிவிடக் கூடாது என்பதற்காக அதற்கு நான்கு கட்டைகளே கொடுக்கப்பட்டன.

இ, ஜே, எக்ஸ் ஆகிய மூன்றும் உள்ள சொல் வேண்டும் என்றால், இ என்ற எழுத்திலிருந்து தொடங்குபவர் கடலில் இறங்குகிறார். ஜேயும் எக்ஸும் சேரும் சொற்களோ மிகச் சில: ‘ஜிங்ஸ்’, ‘ஜூக்பாக்ஸ்’, ‘ஜக்ஸ்டபோஸ்’ என்று அவை விரைவில் முடிந்துவிடும், அவற்றுள் இ இருப்பவை எவை என்று பார்த்தால் ‘ஜூக்பாக்ஸ்’, ‘ஜக்ஸ்டபோஸ்’ ஆகியவை விடையாகின்றன. ஜேயும் க்யூவும் வேண்டுமெனில் ‘ஜேக்கார்ட்’ என்னும் நெசவு வகையும் ‘ஜான்க்வில்’ என்னும் மஞ்சள் மலரும் நினைவுக்கு வர வேண்டும். க்யூவும் இசட்டும் வேண்டுமெனில் ‘க்விஸ்’, ‘குவார்ட்ஸ்’, ‘ஸ்க்வீஸ்’.

ஐந்து உயிரெழுத்துகளும் உள்ள சொல் என்ற பழைய கேள்விக்கும் இதுவே வழி. ஐந்தில் அரிதானது யூ. ஆகவே யூ எந்தெந்த இணைகளில் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஓ-யூ என்ற இணையில் ‘பிஹேவியர்’. ஏ-யூ என்ற இணையில் ‘காலிஃப்ளவர்’. யூ-இ என்ற இணையில் ‘டயலாக்’. க்யூ-யூ என்ற இணையில் ‘ஈக்வேஷன்’. செம்மரத்தைப் போன்ற நெடிய அமெரிக்க மரமான ‘செக்கோயா’ ஏழே எழுத்துகளில் ஐந்து உயிர்களையும் அடக்கிவிடுகிறது. ‘எஜுகேஷன்’ என்ற சொல்லை நாள்தோறும் சொல்கிறோம். அதனுள் ஐந்தும் இருப்பதை எழுதிப் பார்க்கும் வரை கவனிப்பதில்லை.

ஆறாம் படி: அடுத்தடுத்து நிற்கும் எழுத்துகள்

டபிள்யூ-கே-டபிள்யூ என்ற தொடர் உள்ள சொல் எது? டீ-ஹெச்-டி? சி-கே-ஜி? இப்படிப்பட்ட கேள்விகள் முதலில் திகைக்க வைக்கும். ஆங்கிலத்தின் ஓர் அசைக்குள் இயல்பாக அமையாத மெய்க்கூட்டம் தெரிந்தால், அந்த இடத்தில் இரண்டு உறுப்புகள் சந்திக்கின்றன என்று கொள்ள வேண்டும். நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கத்தில் முடியும் சொல் எது, வலப்பக்கத்தில் தொடங்கும் சொல் எது என்று தனித்தனியே தேடினால் விடை வந்துவிடும். டீ-ஹெச் என்பதில் முடிவது ‘பர்த்’, டியில் தொடங்குவது ‘டே’: ‘பர்த்டே’. சி-கே என்பதில் முடிவது ‘பேக்’, ஜியில் தொடங்குவது ‘கிரவுண்ட்’: ‘பேக்கிரவுண்ட்’. டபிள்யூ-கே-டபிள்யூ என்பதில் கேக்குப் பின் வெட்டினால் வலப்பக்கம் ‘வார்டு’ என்ற பின்னொட்டு, விடை ‘ஆக்வர்ட்’.

ஏழாம் படி: கணினியின் துணை

கையால் தேடிக் களைத்த பிறகே கணினிக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. முதலிலேயே விடையைப் பார்த்துவிட்டால் அந்தச் சொல் மனத்தில் தங்குவதில்லை. கணினித் தேடலுக்கு முதலில் வேண்டியது ஒரு சொற்பட்டியல். பொதுவுடைமையாகக் கிடைக்கும் ‘எனேபிள்’ பட்டியலில் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள், வரிக்கு ஒன்றாக உள்ளன. மேக் கணினிகளிலும் லினக்ஸ் கணினிகள் பலவற்றிலும் ‘வேர்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு சொற்கோப்பு உண்டு; அதில் ஆள் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் கலந்திருக்கும் என்பதால், பெரிய எழுத்தில் தொடங்குபவற்றை முதலில் நீக்கிவிட்டு, மற்றவை எல்லாம் சிறிய எழுத்தில் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நிரல் எழுதத் தெரியாதவர் எக்செல் போன்ற விரிதாளையே பயன்படுத்தலாம். முதல் நெடுவரிசையில் சொற்களை ஒட்டிவிட்டு, அடுத்த நெடுவரிசையில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட வேண்டும். சொல்லின் நீளத்தை ‘லென்’ என்ற சார்பால் எடுத்து, அந்த எழுத்தை ‘சப்ஸ்டிட்யூட்’ என்ற சார்பால் நீக்கிய பின்னுள்ள நீளத்தை அதிலிருந்து கழித்தால் எண்ணிக்கை கிடைக்கும். தேவையான எழுத்து ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு நெடுவரிசை அமைத்து, வடிகட்டியில் ஒன்றுக்குக் குறையாதவற்றை மட்டும் காட்டச் சொன்னால் மூன்றாம் வகைக் கேள்விக்கு விடை முழுமையாக வந்துவிடும். ‘கேட்டமரான்’ போன்ற சொற்களைத் தேடும்போது ஏ என்பதற்குரிய நெடுவரிசையில் நான்கு என்று கொடுத்தால் போதும். ஸ்பெல்லிங் பீ வகைக்கு, அனுமதிக்கப்பட்ட ஏழு எழுத்துகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நீக்கிய பிறகு எதுவும் மிஞ்சாத சொற்களை எடுத்து, அவற்றுள் நடு எழுத்து இருப்பவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கட்டளைத் திரையில் பழகியவருக்கு ‘கிரெப்’ என்ற கருவி இன்னும் விரைவானது. கென் தாம்சன் 1970களில் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதிய இக்கருவி, கொடுத்த வடிவத்துக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் காட்டும். ஓர் எழுத்துள்ள சொற்களை முதலில் எடுத்து, நெட்டைக் கோட்டுக் குறி (|) வழியாக அவ்விடைகளை மீண்டும் கிரெப்புக்கு அனுப்பி, அடுத்த எழுத்தைத் தேடலாம். அரிய எழுத்தை முதலில் கொடுத்தால் அடுத்தடுத்த சுற்றுகளுக்குப் போகும் பட்டியல் சுருங்கிவிடும். ஐந்தாம் படியில் சொன்ன அதே உத்தி. இடம் தெரிந்த எழுத்துகளுக்குப் புள்ளிக்குறி உதவும்: ஒரு புள்ளி எந்த ஓர் எழுத்துக்கும் பொருந்தும், தொடக்கத்தில் கூரைக்குறியும் (^) இறுதியில் டாலர் குறியும் ($) இட்டால் சொல்லின் நீளம் உறுதிப்படும். ஒன்லுக் போன்ற இணைய அகராதித் தேடலில் அதே வேலையைக் கேள்விக்குறி செய்கிறது. அங்கே நட்சத்திரக்குறி எத்தனை எழுத்துகளுக்கும் ஈடாகும்.

ஸ்கிராபிள் வகைக்கு ஒரு சிறு நிரல் எழுத விரும்புபவர் இரண்டாம் படியில் சொன்ன அடுக்கைப் பயன்படுத்த வேண்டும். பட்டியலிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் அகர வரிசையில் அடுக்கி, அந்த அடுக்கையே தலைப்பாகக் கொண்டு சொற்களைத் தொகுத்துவைத்தால், அனகிராம் வகைக்கு ஒரே ஒரு தேடல் போதும். ஏழு வெவ்வேறு எழுத்துகளில் இரண்டு எழுத்துக்குக் குறையாத உட்தொகுதிகள் 120 தான். ஒவ்வொன்றையும் அடுக்கிப் பார்த்தால், கட்டைகளிலிருந்து அமையும் எல்லாச் சொற்களும் கிடைத்துவிடும். பல்லாயிரக்கணக்கான வரிசைகளைச் சோதிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

எட்டாம் படி: சரிபார்த்தல்

கிடைத்த சொல் செல்லுமா என்பது எந்தப் பட்டியலை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்தது. வட அமெரிக்கப் போட்டிகளில் ஒரு பட்டியலும், பிற நாடுகள் பெரும்பாலானவற்றில் காலின்ஸ் பட்டியலும் நடைமுறையில் உள்ளன. பின்னதில் ஏற்கப்படும் சொற்கள் பல முன்னதில் இல்லை. எழுத்துக்கூட்டல் வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. ஐந்து உயிர்களும் உள்ளதாக மேலே சொன்ன ‘பிஹேவியர்’, பிரித்தானிய முறையில் எழுதினால்தான் அப்படி. அமெரிக்க முறையில் யூ விடப்படுவதால் நான்கு உயிர்களே மிஞ்சுகின்றன.

பயிற்சியும் ஓர் எடுத்துக்காட்டும்

நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழியில் உரையாடத் தெரியாமலேயே 2015ஆம் ஆண்டு பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியில் வென்றார். 2024ஆம் ஆண்டு ஸ்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். சொற்களை அவர் ஒலியாகவோ பொருளாகவோ கொள்ளாமல் எழுத்து வடிவங்களாகவே மனத்தில் பதித்தார். அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை. ஒரு அட்டையின் முன்புறம் அகர வரிசை அடுக்கையும் பின்புறம் சொற்களையும் எழுதி, நாளுக்குப் பத்து அட்டைகளைப் புரட்டினாலே சில மாதங்களில் கண் பழகிவிடும். ஏ, இ, ஐ, என், எஸ், டீ என்ற ஆறு எழுத்துகளிலிருந்து தொடங்குவது சிறந்தது. இந்த ஆறுடன் டி சேர்ந்தால் ‘இன்ஸ்டெட்’, எல் சேர்ந்தால் ‘சேலியன்ட்’, எம் சேர்ந்தால் ‘இன்மேட்ஸ்’, வி சேர்ந்தால் ‘நேட்டிவ்ஸ்’, இசட் சேர்ந்தால் ‘ஜேனியஸ்ட்’ என்று, ஏழாவதாக வரும் எழுத்து பெரும்பாலும் ஒரு சொல்லைத் தந்துவிடுகிறது.

இறுதியாக ஒரு தொகுதியை முழு முறைப்படி எடுத்துப் பார்ப்போம்: சி, இ, ஹெச், ஓ, ஓ, ஆர், டீ. உயிர் மூன்று, மெய் நான்கு, ஓ இரட்டை. ஹெச் இருப்பதால் முதலில் சியோடு சேர்த்துப் பார்க்கிறோம்: தீவட்டியான ‘டார்ச்’, வீட்டு வேலையான ‘சோர்’, காவிமண் நிறமான ‘ஓக்கர்’ ஆகியவை வருகின்றன. டீயோடு சேர்த்தால் ‘அதர்’. இ-ஆர் என்ற பின்னொட்டை எடுத்துவிட்டால் மீதியில் ‘ஹூட்’ தெரிகிறது. அதிலிருந்து ஊதுகுழலான ‘ஹூட்டர்’. இரட்டை ஓவை ஒரே கட்டையாக நகர்த்தினால் ‘ரூட்’. ஏழையும் பயன்படுத்தும் சொல் மட்டும் எந்த ஒட்டுக்கும் அகப்படவில்லை. இப்போது சி-ஹெச் என்பதை முதலிலும், இரட்டை ஓவையும் டீயையும் இறுதியிலும் நிறுத்தி, நடுவில் மிஞ்சும் இ, ஆர் இரண்டையும் வைத்துப் பாருங்கள்: ‘செரூட்’. தமிழின் சுருட்டு, அதே பொருளோடு, ஆங்கில எழுத்துகளில் நிற்கிறது.